அப்பாவை எழுத உட்காரும் பிள்ளைகளுக்கு

அப்பாவின் முதலாண்டு நினைவு நாள் முடிந்ததும் சில பிள்ளைகளுக்கு அவரைப் பற்றி எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றும். வேறு சிலருக்குப் பேரப்பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கும்போது தோன்றும். அப்படித் தோன்றியவர்களில் பலர் நோட்டும் பேனாவுமாக என்னிடம் வருகிறார்கள். நான் பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்தவன், பணிமனைத் தொழிலாளியின் மகன், அவர் கதையை எழுதி முடித்தவன். எனக்கு இருக்கும் தகுதி அவ்வளவுதான். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பேச்சோடுதான் ஆரம்பிக்கிறார்கள்: "எங்கப்பா ஒண்ணும் பெரிய ஆள் இல்லீங்க. வேலைக்குப் போனார், வந்தார், ரிட்டையர் ஆனார். எழுத என்ன இருக்கு?"

நிறைய இருக்கிறது. ஆனால் தொழிலாளி அப்பாவை எழுதும்போது இரண்டு ஆசைகள் குறுக்கே வரும். ஒன்று, அவரைத் தியாகி ஆக்கிவிடுவது. மற்றது, 'பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டார்' என்று இரக்கப்பட்டே பக்கங்களை நிரப்புவது. இரண்டிலும் அந்த மனிதர் காணாமல் போய்விடுவார். அவர் என்ன வேலை பார்த்தார், என்ன வாங்கினார், யாருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது, எங்கே குடியிருந்தார் என்பதைப் பிழையில்லாமல் எழுதுவதுதான் அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை. அதற்கு எனக்குத் தெரிந்த வழிகளைச் சொல்கிறேன். உதாரணங்கள் பொன்மலையைச் சுற்றியே இருக்கும். உங்கள் அப்பா கோவை மில்லிலோ தூத்துக்குடி துறைமுகத்திலோ திண்டுக்கல் தோல் ஷாப்பிலோ இருந்திருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1. 'ரயில்வேயில் இருந்தார்' என்று எழுதாதீர்கள்

அது ஒரு தகவலே இல்லை. எந்த ஷாப்? பாய்லரா, பவுண்டரியா, கொல்லுப்பட்டறையா, மிஷின் ஷாப்பா, வண்டிப்பெட்டி பழுதுபார்க்கும் பக்கமா? கலாசியாகச் சேர்ந்தாரா, அப்ரண்டீஸாகவா? டிரேடு டெஸ்டில் எப்போது தேறினார்? ஒவ்வொன்றும் வேறு வாழ்க்கை.

நீராவி இன்ஜின் காலத்து பாய்லர் ஷாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உலையில் சிவக்கக் காய்ச்சிய ரிவெட்டைத் தகட்டின் துளையில் செருகுவார்கள். ஒருவர் பாய்லருக்குள்ளே குனிந்து உட்கார்ந்து, ரிவெட்டின் தலையைக் கனமான இரும்பால் முட்டுக்கொடுத்துத் தாங்கிப் பிடிப்பார். வெளியே நிற்பவர் ரிவெட்டின் மறுமுனையை, சூடு ஆறுவதற்குள் அடித்து மடக்குவார். உங்கள் அப்பா உள்ளே உட்கார்ந்தவரா, வெளியே நின்று அடித்தவரா? அது தெரிந்த பிறகு பேனாவை எடுங்கள்.

2. அவர் தொட்ட பொருளைக் கண்ணால் பாருங்கள்

பாய்லரைப் பார்க்காமல் பாய்லர் தொழிலாளியை எழுத முடியாது. மேட்டுப்பாளையத்துக்குப் போனால் நீலகிரி மலை ரயிலின் நீராவி இன்ஜினை இன்றும் பார்க்கலாம். அந்தப் பாதைக்கான புதிய நீராவி இன்ஜின்களைச் செய்ததும் பொன்மலைப் பணிமனைதான். பக்கத்தில் நின்று சூட்டை உணருங்கள், சத்தத்தைக் கேளுங்கள். திருச்சியிலும் சென்னை பெரம்பூர்ப் பக்கத்திலும் ரயில் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. மில் தொழிலாளியின் பிள்ளை என்றால், ஓடுகிற மில் ஒன்றில் அனுமதி கேட்டு ஸ்பின்னிங் பக்கம் ஒரு ஷிப்ட் முழுக்க நின்று பாருங்கள். அப்பா ஏன் வீட்டில் வாய் பேசாமல் படுத்துக் கிடந்தார் என்பது அன்றைக்குப் புரியும்.

3. குணத்தைக் கேட்காதீர்கள், காரியத்தைக் கேளுங்கள்

அப்பாவோடு வேலை பார்த்த ஒரு பெரியவரிடம் போகிறீர்கள். "அய்யா, எங்கப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால், "தங்கமான மனுஷன் தம்பி" என்பார். பேச்சு அதோடு முடிந்தது. அதற்குப் பதில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "சம்பளத்தன்னைக்கு கேட்டை விட்டு வெளியே வந்ததும் நீங்க ரெண்டு பேரும் எந்தப் பக்கம் திரும்புவீங்க?"

இந்தக் கேள்வியை நான் சொல்லிக்கொடுத்த ஒரு பையனுக்குக் கிடைத்த பதில் இது: "எங்க திரும்புறது? வட்டிக்கு விட்டவன் கேட் வாசல்லயே சைக்கிளைச் சாய்ச்சுக்கிட்டு நிப்பான். நான் ஆள் ஒசரம். உங்கப்பா எனக்கு அந்தப் பக்கமா ஒட்டிக்கிட்டே நடப்பாரு. அப்படியே டீக்கடைக்குப் பின்னால பூந்துருவோம். அடுத்த மாசம் அவன் என்னையும் சேத்துத் திட்டுவான்." பெரியவர் அதன் பிறகு ஒரு மணி நேரம் பேசினார். அப்பாவின் கடன், நட்பு, பயம், குறும்பு எல்லாம் அந்தப் பேச்சிலேயே வந்துவிட்டது. குணத்தைப் பற்றித் தனியாக ஒரு வரியும் எழுத வேண்டியிருக்கவில்லை.

கேட்க வேண்டியவை இன்னும் சில: மதியச் சாப்பாடு யார் கொண்டுவந்தது? யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்? போர்மேனை முன்னால் என்னவென்று கூப்பிடுவார்கள், பின்னால் என்னவென்று? விபத்து நடந்த நாள் எது?

4. டிரங்குப் பெட்டியில் இருக்கும் தாள்களை வரி வரியாகப் படியுங்கள்

பணிப் பதிவேட்டின் நகல், ஓய்வூதிய ஆணை, பாஸ், கூட்டுறவுச் சங்கக் கடன் புத்தகம், தொழிற்சங்கச் சந்தா ரசீது, குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுக் கடிதம், பழைய ரேஷன் கார்டு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாவது இருக்கும். பணிப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் உயரம், அங்க அடையாளம், தகப்பனார் பெயர், விரல் ரேகை எல்லாம் உண்டு. 'இடது புருவத்தின் மேல் வெட்டுத் தழும்பு' என்று ஒரு எழுத்தர் எழுதியிருப்பார். அந்தத் தழும்பு உங்களுக்கு நினைவிருக்கும், அது எப்படி வந்தது என்று தெரிந்திருக்காது. அத்தையிடம் கேளுங்கள். சிறுவயதுக் கதை ஒன்று கிடைக்கும்.

பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். வருஷம் மட்டும் தெரிந்து மாதமும் நாளும் தெரியாதவர்களுக்கு ஜூலை 1 என்று போடுவது அரசுப் பணி விதி. மாதம் தெரிந்து நாள் தெரியாவிட்டால் 16-ஆம் தேதி. உங்கள் அப்பாவின் தேதி அப்படி இருந்தால், வேலைக்குச் சேரும்போது பாட்டி 'புயல் அடிச்ச வருஷம்' என்று சொன்ன கணக்கை வைத்து யாரோ எழுதியது என்று ஊகிக்க இடமிருக்கிறது. அந்தச் சந்தேகத்தையும் அப்படியே எழுதுங்கள்.

5. குடும்பம் எங்கிருந்து கிளம்பியது என்று தேடுங்கள்

தொழிலாளி வீட்டு வரலாறு பெரும்பாலும் ஓர் இடப்பெயர்ச்சியில்தான் தொடங்குகிறது. தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை முதலில் நாகப்பட்டினத்தில் இருந்தது. 1920-களின் பிற்பகுதியில் அது பொன்மலைக்கு மாறியது. அதோடு எத்தனையோ குடும்பங்கள் கடற்கரையை விட்டுத் திருச்சி வெயிலுக்கு வந்தன. பொன்மலைப் பிள்ளை ஒருவரின் பாட்டி வாரத்துக்கு நான்கு நாள் மீன் இல்லாமல் சாப்பிட மாட்டார் என்றால், காரணம் அங்கே இருக்கலாம். சொந்த ஊர்க் கோயில் எது, மொட்டை போடுவது எங்கே, பெண் எடுத்தது எந்தப் பக்கம் என்று கேட்டால் பாதை தானே தெரியும். நிலம் இருந்ததா, எப்போது போனது, யாருக்கு விற்றார்கள் என்பதையும் விடாதீர்கள்.

6. வீட்டுத் தேதிகளை நாட்டுத் தேதிகளோடு வைத்துப் பாருங்கள்

ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் வீட்டு நிகழ்ச்சிகள், வலப்பக்கம் வெளியே நடந்தவை. பொன்மலைக்கு நான் போடும் பட்டியல் இது: 1928 ஜூலையில் ஆட்குறைப்பை எதிர்த்துத் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம், அதில் சிங்காரவேலருக்குச் சிறை. 1946-இல் மறுபடியும் வேலைநிறுத்தம், செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் துப்பாக்கிச் சூடு, ஐந்து தொழிலாளர்கள் சாவு. 1951 ஏப்ரல் 14-இல் தெற்கு ரயில்வே உருவானது. 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்தது. 1974 மே 8-இல் நாடு தழுவிய ரயில்வே வேலைநிறுத்தம், இருபது நாள் நடந்தது, ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள்.

இப்போது இடப்பக்கத்தைப் பாருங்கள். 1974 மே மாதம் வீட்டில் என்ன சமைத்தார்கள்? அக்காவின் கல்யாணம் ஏன் ஆவணிக்குத் தள்ளிப்போனது? அம்மாவின் வளையல் எந்தக் கடைக்குப் போனது?

இங்கே ஓர் எச்சரிக்கை. பொன்மலைக் குடும்பங்களில் 1946 துப்பாக்கிச் சூட்டை அப்பா நேரில் பார்த்தார் என்ற பேச்சு பரவலாக உண்டு. அவர் வேலைக்குச் சேர்ந்தது 1952 என்றால் தொழிலாளியாக அங்கே நின்றிருக்க முடியாது, காலனிச் சிறுவனாக ஓடியிருக்கலாம். எது என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். வேலைநிறுத்தத்தில் சேராமல் பயந்து வேலைக்குப் போனவர் என்றால் அதையும் எழுதுங்கள். ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு பயந்த மனிதரும் வரலாற்றில் இருந்தவர்தான்.

7. அவர் உடம்பும் ஓர் ஆவணம்

என் அப்பா பாய்லர் ஷாப்பில் இருந்தவர். வீட்டில் எப்போதும் உரக்கத்தான் பேசுவார். "உப்பு கம்மி" என்பதும் தெருக்கோடிக்குக் கேட்கும். அவர் கோபக்காரர் என்று நினைத்துத்தான் நாங்கள் எல்லாரும் வளர்ந்தோம். அவர் ஷாப் நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் எல்லாருமே அப்படித்தான் பேசினார்கள். சத்தம் நிரம்பிய இரும்புக்கூட்டுக்குள் வருஷக்கணக்காக இருந்தவர்களுக்குக் காது மந்தமாகும். உலகமெங்கும் பாய்லர் தொழிலாளர்களிடம் மருத்துவர்கள் கண்டு எழுதிய கேடு இது. அதை அறிந்த பிறகு அந்த உரத்த குரலை எழுதும் விதமே மாறிவிடும்.

உங்கள் அப்பாவுக்கு என்ன இருந்தது? பஞ்சாலையில் இருந்தவருக்கு ஞாயிறு ஓய்வு கழித்துத் திங்கட்கிழமை உள்ளே போனதும் நெஞ்சு இறுகுமா? பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயின் அடையாளம் அது. விரல் நுனி குறைந்திருந்ததா? முன்கையில் தீப்பொறிப் புள்ளிகள் இருந்தனவா? அம்மாவிடம் கேட்டால் எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பார் என்பது வரை சொல்வார்.

8. பணத்தை மறைக்காமல் எழுதுங்கள்

சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு என்று எழுதுங்கள். இன்றைய ரூபாய்க்கு மாற்றிச் சொல்ல வேண்டாம், அன்றைக்கு அதில் என்ன வாங்க முடிந்தது என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தைக்கு எந்தப் பையோடு போனார், எது வாங்காமல் திரும்பினார் என்பது போதும்.

பெரிய முடிவு ஒன்றையும் விசாரியுங்கள். 1957 நவம்பரில் ரயில்வேயில் ஓய்வூதியத் திட்டம் வந்தது. ஏற்கெனவே பணியில் இருந்தவர்கள் அதற்கு மாறலாம், அல்லது பழைய வருங்கால வைப்புநிதியிலேயே இருந்துவிடலாம். 'மொத்தமாகக் கையில் வரட்டும், பெண்ணுக்குக் கல்யாணம் இருக்கிறது' என்று வைப்புநிதியிலேயே தங்கிய வீடுகளும் உண்டு, மாதாமாதம் வரும் பணத்தை நம்பி மாறிய வீடுகளும் உண்டு. கடைசிக் காலத்தில் அப்பா யார் கையை எதிர்பார்த்திருந்தார் என்பதை அந்த ஒரு கையெழுத்து முடிவு செய்திருக்கும்.

9. அம்மாவை ஓரத்தில் நிறுத்தாதீர்கள்

அப்பாவின் ஷிப்டுக்கு ஏற்பத்தான் அம்மாவின் அடுப்பு எரிந்தது. சங்கு ஊதுவதற்கு முன்னால் எத்தனை மணிக்கு எழுந்தார்? கிரீஸும் கரியும் ஏறிய காக்கிச் சட்டையை எதைப் போட்டுத் துவைத்தார்? மற்ற துணிகளோடு சேர்த்துப் போட்டாரா, தனியாக ஊறவைத்தாரா? நைட் ஷிப்ட் முடிந்து அப்பா பகலில் தூங்கும்போது பிள்ளைகளை எங்கே விரட்டினார்? சீட்டுக் கட்டியது யார், அடகுக் கடைக்கு நடந்தது யார்? இவற்றை விட்டுவிட்டு எழுதினால் அப்பாவின் கதையிலேயே பாதி இருக்காது.

10. சாதி, குடி, சண்டை

மூன்றையும் தவிர்த்து எழுதிய குடும்ப வரலாறுகள் என்னிடம் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். யார் சிபாரிசில் வேலைக்குச் சேர்ந்தார், எந்த வேலைக்கு எந்தத் தெரு ஆட்கள் எடுக்கப்பட்டார்கள், கேண்டீனில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், காலனியில் எந்த வரிசை வீடு கிடைத்தது என்பதில் சாதியும் பதவியும் சேர்ந்தே இருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் டிரைவர், மேற்பார்வை வேலைகள் பெரும்பாலும் ஐரோப்பியர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் போயின என்பது தாத்தாவின் ஆசை எவ்வளவு தூரம் போக முடிந்தது என்பதைச் சொல்லும்.

குடியையும் சண்டையையும் எழுதும்போது, உயிரோடு இருக்கும் ஒருவருக்குத் தலைகுனிவு வருமானால் பெயரை மாற்றுங்கள், அல்லது அவரிடம் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். அம்மா வேண்டாம் என்றால் அம்மா சொல்தான் முடிவு.

11. படத்தைத் திருப்பிப் பாருங்கள்

பணி ஓய்வு நாளில் மாலையோடு எடுத்த குரூப் போட்டோ ஒன்று எல்லா வீட்டிலும் உண்டு. பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரை இருக்கும், சில சமயம் தேதியும் இருக்கும். அதை அப்பாவின் நண்பர் ஒருவர் கையில் கொடுத்து, இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் பத்து வருஷம் போனால் அந்தப் பெயர்களைச் சொல்ல ஆள் இருக்காது.

12. நூலகத்தில் அப்பாவின் பெயரைத் தேடாதீர்கள்

சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் எல்லாம் இருக்கின்றன. அங்கே உங்கள் அப்பாவின் பெயர் கிடைப்பது அரிது. ஆனால் அவர் ஷாப், அவர் சங்கம், அவர் ஊர், அவர் கலந்துகொண்ட வேலைநிறுத்தம் கிடைக்கும். அந்த வாரத்து 'தினமணி'யைப் படித்தால் அன்றைய அரிசி நிலவரமும் ஓடிய படமும்கூடத் தெரியும். தொழிற்சங்க அலுவலகங்களின் மாநாட்டு மலர்களையும் கேட்டுப் பாருங்கள். தொழிலாளர் வாழ்வை எழுதிய நாவல்களையும் படியுங்கள்: நெசவாளர்களுக்கு ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்', திண்டுக்கல் தோல் தொழிலாளர்களுக்கு டி.செல்வராஜின் 'தோல்'. தகவலுக்காகப் படியுங்கள், நடையைக் கடன் வாங்க வேண்டாம்.

13. கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியின் மொழி வேண்டாம்

'உழைப்பால் உயர்ந்த உத்தமர்', 'பாசமிகு தந்தை', 'வியர்வையில் விளைந்த முத்து' எல்லாம் எந்த அப்பாவுக்கும் பொருந்தும். அதனாலேயே உங்கள் அப்பாவுக்குப் பயன்படாது. அவர் சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே போடுங்கள். ஸ்பேனரை ஸ்பேனர் என்றே எழுதுங்கள், 'திருகுக்குறடு' ஆக்க வேண்டாம். பிரெஞ்சு எழுத்தாளர் அன்னி எர்னோ, ஆலைத் தொழிலாளியாக இருந்து சின்னக் கடைக்காரரான தன் அப்பாவைப் பற்றி 1983-இல் ஒரு சிறு புத்தகம் எழுதினார். அலங்காரமே இல்லாத நடை. 2022-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. அப்பாவை எழுத உயர்ந்த தமிழ் வேண்டுமே என்று தயங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

14. தெரியாத இடத்தை நிரப்பாதீர்கள்

'அன்று இரவு அப்பா என்ன நினைத்திருப்பார்' என்று எழுத ஆரம்பித்தால் அது உங்கள் நினைப்பாகத்தான் இருக்கும். 1961 முதல் 1964 வரை அவர் எங்கே குடியிருந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை என்றால், அப்படியே எழுதி ஒரு வரி இடம் விடுங்கள். உங்கள் தம்பி மகள் ஒருநாள் அதை நிரப்பக்கூடும். யார் சொன்ன செய்தி, எப்போது சொன்னது என்பதையும் அடியில் குறித்து வையுங்கள். பெரியப்பா ஒன்றும் சித்தப்பா வேறொன்றும் சொன்னால் இரண்டையும் போடுங்கள்.

15. முடித்துக் கொடுங்கள்

நாற்பது பக்கம் போதும். ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டு அண்ணன் தம்பி அக்கா தங்கை வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். படங்களின் பிரதி, பேச்சின் ஒலிப்பதிவு இரண்டையும் குறைந்தது இரண்டு வீட்டில் வையுங்கள். ஊர் நூலகத்துக்கும் சங்க அலுவலகத்துக்கும் ஒவ்வொன்று கொடுங்கள். பணிமனைக்கு வந்துபோன அதிகாரிகளைப் பற்றிக் கல்வெட்டு இருக்கும், உள்ளே வேலை பார்த்தவரைப் பற்றி அவர் பிள்ளை எழுதினால்தான் உண்டு.

கடைசியாக ஒன்று. அப்பாவோடு வேலை பார்த்தவர்களில் ஒருவராவது இன்னும் எங்கேயோ திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவர் பெயரை இன்றே விசாரியுங்கள், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பாருங்கள். ஆவணக் காப்பகம் அடுத்த மாதமும் திறந்திருக்கும்.